கணுக்களின் கணக்கு

இறால் உரித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தலையைத் திருகி எடுத்துவிட்டால் மிச்ச உடல் வளையம் வளையமாகக் கழன்று வரும். வளையங்களின் அடியில் ஜோடி ஜோடியாக நீந்துகால்கள். மண்வெட்டியில் சிக்கும் மண்புழுவிலும் வளையங்கள்தான். பூரான், மரவட்டை, அட்டை, கம்பளிப்பூச்சி எல்லாமே அப்படித்தான். நம் முதுகையே தடவிப் பாருங்கள், முள்ளெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கையில் தட்டுப்படும். பாடப்புத்தகம் இந்த அலகுக்குக் கண்டம் என்று பெயர் வைத்திருக்கிறது. ஒரே மாதிரித் துண்டுகளைத் தலையிலிருந்து வால்வரை அடுக்கி ஓர் உடலைக் கட்டுவது.

இப்படிக் கட்டப்பட்ட பெரிய கூட்டங்கள் மூன்று: கணுக்காலிகள், வளைதசைப் புழுக்கள், நம்மையும் சேர்த்து முதுகெலும்பிகள். இந்த மூன்றும் இந்த வழக்கத்தை ஒரே பாட்டனிடமிருந்து பெற்றவையா, இல்லை அவையவை தனித்தனியே கண்டுபிடித்துக்கொண்டவையா? கேட்பதற்கு எளிதான இந்தக் கேள்வி இருநூறு வருஷமாக உயிரியலாளர்களைச் சுற்றவிட்டிருக்கிறது. வளர்ந்து முடிந்த உடலை அறுத்துப் பார்த்தவர்களுக்குப் பதில் பிடிபடவில்லை. கரு எப்படி வளர்கிறது என்று பார்க்க ஆரம்பித்ததும் பதில் வந்துவிட்டதா என்றால், கேள்வியே வேறாக மாறிப்போனது என்றுதான் சொல்ல வேண்டும்.

மல்லாந்த சிங்கி இறால்

நெப்போலியனோடு எகிப்துக்குப் போய் வந்த எத்தியென் ஜோஃப்ருவா, பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பேராசிரியர். எல்லா விலங்கும் ஒரே வரைபடத்தின் மாறுபாடுகள்தான் என்பது அவர் கட்சி. 1822இல் ஒரு சிங்கி இறாலை மல்லாத்திப் போட்டு வரைந்து காட்டினார். நமக்கு நரம்புத்தண்டு முதுகுப்பக்கம், அதற்கு முன்னால் குடல், அதற்கும் முன்னால் இதயம். இறாலுக்கு இதயம் முதுகில், நரம்புத்தண்டு வயிற்றில். இறாலைப் புரட்டிவிட்டால்? மேலிருந்து கீழாக நரம்பு, குடல், இதயம். அதே வரிசை! பூச்சிகள் தங்கள் முள்ளெலும்புக்குள்ளேயே குடியிருக்கின்றன என்றும் சொன்னார். ஓட்டு வளையமும் முள்ளெலும்பும் ஒன்றே என்று பொருள்.

அதே அருங்காட்சியகத்தில் இருந்த குவியே இதைக் கேட்டுச் சிரித்தார். விலங்குகளை நான்கு பெரும் பிரிவாக வகுத்தவர் அவர். ஒரு பிரிவுக்கும் இன்னொன்றுக்கும் பாலமே கிடையாது என்பது அவர் நிலை. 1830இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் இருவரும் வாரக்கணக்கில் வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள். அந்த ஜூலையில் பாரிஸில் புரட்சி வெடித்தது. எரிமலை வெடித்துவிட்டது என்று பரபரத்துப் பேசிய கதேயிடம், வந்த நண்பர் புரட்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாராம். கதே சொன்னதோ இந்த விவாதத்தை. எண்பது வயதுக் கவிஞருக்கு எது பெரிய செய்தியாகப் பட்டது பாருங்கள்.

அன்றைக்கு ஜெயித்தவர் குவியே என்றுதான் ஊர் பேசியது. ஆனால் டார்வினுக்குப் பிறகு ஜோஃப்ருவாவின் யோசனைக்கு மறுபடி உயிர் வந்தது. நேப்பிள்ஸில் கடலுயிர் ஆய்வு நிலையம் தொடங்கிய அன்டன் டோர்ன், 1875இல் நம் மூதாதை ஒரு வளைதசைப் புழு என்றே எழுதினார். புழு புரண்டு படுத்தது, முதுகெலும்பி ஆயிற்று. கண்டம் இருக்கிறதே, இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

பேட்சனின் அதிர்வு

இந்த வம்சாவளி எழுதும் மோகத்தில் முதலில் சலித்துப்போனவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜின் வில்லியம் பேட்சன். பிற்பாடு மரபியல் என்ற துறைக்கே ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர். இளம் வயதில் கருவியல்தான் படித்தார். உறுப்புகள் திரும்பத் திரும்ப வருவது உயிர்களின் பொதுவான குணம், அதை வைத்து நமக்கு ஒரு புழுவைப் பாட்டனாக்க வேண்டியதில்லை என்று 1886லேயே வாதாடினார்.

1894இல் அவர் வெளியிட்ட தடித்த புத்தகம் ஒருவகையில் பிறழ்வுகளின் பட்டியல். உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் பாதம் முளைத்த குளவியினப் பூச்சி. கண் இருக்க வேண்டிய இடத்தில் உணர்கொம்பு முளைத்த சிங்கி இறால். கூடுதல் விலா எலும்போடு பிறந்த மனிதர்கள். ஒரு கண்டத்தின் உறுப்பு இன்னொரு கண்டத்தில், அதுவும் அரைகுறையாக இல்லாமல் முழுசாக வந்து உட்காரும் இந்த விசித்திரத்துக்கு ஹோமியோசிஸ் என்று பெயரிட்டார். கை தவறி விழுந்த குப்பை இல்லை இது, உடல் கட்டும் விதியே இங்கே கசிகிறது என்பது அவர் ஊகம்.

அவருக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. 1891இல் தங்கை அன்னாவுக்கு எழுதிய கடிதத்தில் அதை உற்சாகமாகச் சொல்கிறார். கடற்கரை மணலில் அலை போட்டுவிட்டுப் போகும் வரிகள், வரிக்குதிரையின் கோடுகள், புழுவின் கண்டங்கள் எல்லாமே ஏதோ ஓர் அதிர்வின் தடங்களாக இருக்கலாமோ? அதாவது கண்டம் என்பது தாளம். அவரிடம் இதை நிரூபிக்க எந்த வழியும் இல்லை. கடைசிவரை கிடைக்கவும் இல்லை.

இந்த இரண்டையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கண்டம் எப்படி உருவாகிறது என்பது ஒன்று. உருவான கண்டம் தன்னைத் தலை என்றோ மார்பு என்றோ எப்படி அறிகிறது என்பது இன்னொன்று. அடுத்த நூறு வருஷக் கதை இந்த இரண்டும் பிரிந்த கதை.

விலாசம் எழுதும் மரபணுக்கள்

1915இல் நியூயார்க்கில், மோர்கனின் பழ ஈ ஆய்வகத்தில், கால்வின் பிரிட்ஜஸ் ஒரு விநோத ஈயைக் கண்டெடுத்தார். ஈக்கு இறக்கை ஒரு ஜோடிதான். மார்பின் மூன்றாம் கண்டத்தில் இறக்கைக்குப் பதிலாகச் சின்னக் குண்டாந்தடி போல ஒரு ஜோடி இருக்கும், பறக்கும்போது சமநிலை காக்க. பிரிட்ஜஸின் ஈயில் அந்தத் தடி பாதி இறக்கையாக மாறியிருந்தது. பேட்சன் பட்டியலிட்டது இப்போது வளர்த்து, கலந்து, கணக்குப் போடக்கூடிய மரபாக வந்துவிட்டது.

அந்தக் கணக்கைக் கலிபோர்னியாவில் எட் லூயிஸ் பல பத்தாண்டுகள் தனியாளாகப் போட்டுக்கொண்டிருந்தார். முழுசாக நான்கு இறக்கை கொண்ட ஈயையே உருவாக்கிக் காட்டினார். 1978இல் எழுதிய கட்டுரையில் அவர் சொன்ன விஷயம் யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும்: குரோமோசோமில் இந்த மரபணுக்கள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ, அதே வரிசையில்தான் உடலில் கண்டங்களை ஆள்கின்றன.

1984இல் பாசலில் வால்டர் கேரிங்கின் குழுவும், இந்தியானாவில் மேத்யூ ஸ்காட்டும் ஏமி வைனரும், இந்த மரபணுக்கள் பலவற்றில் பொதுவாக இருந்த 180 எழுத்துத் துண்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஹோமியோபாக்ஸ். ஈயில் கிடைத்ததைத் தவளையில் தேடினார்கள், இருந்தது. எலியில் தேடினார்கள், இருந்தது. அதே வரிசையில்! இவற்றுக்கு ஹாக்ஸ் மரபணுக்கள் என்று பெயர். ஈக்கு 8, நமக்கு நான்கு கொத்துகளாக 39. எலியில் ஹாக்ஸ்-10 மரபணுக்கள் அனைத்தையும் நீக்கினால் இடுப்பு முள்ளெலும்புகளிலும் விலா முளைக்கிறது. பேட்சனின் கூடுதல் விலா மனிதர்களை ஞாபகம் வருகிறதா?

ஒன்றை லூயிஸ் வேறு மாதிரி எதிர்பார்த்திருந்தார். ஈயின் மூதாதை பூரான் போலக் கால் கால்களாக இருந்திருக்கும். கால்களைக் குறைக்கக் குறைக்கப் புதுப்புது ஹாக்ஸ் மரபணுக்கள் சேர்ந்திருக்கும் என்று. நியாயமான ஊகம். ஆனால் ஷான் கரோலின் குழு 1997இல் பூரானிலும், கணுக்காலிகளின் தூரத்து உறவான வெல்வெட் புழுவிலும் பார்த்தபோது, முழுத் தொகுதியும் அங்கே ஏற்கெனவே இருந்தது. உடல் மாறியது சரக்கு கூடியதால் இல்லை, இருந்த சரக்கை எங்கே பயன்படுத்துவது என்பது மாறியதால்.

இதை இறால் கூட்டத்தில் கண்ணால் பார்க்கலாம். சில ஓட்டுடலிகளில் மார்பின் முன்கால்கள் நடக்காமல் வாயருகே மடங்கி, உணவைத் தள்ளும் தாடைக்கால்களாகிவிட்டன. எந்தக் கண்டம்வரை தாடைக்கால் என்பது இனத்துக்கு இனம் வேறுபடும். மிகாலிஸ் அவெரோஃபும் நிபம் பட்டேலும், அதே 1997இல், பல இனங்களின் கருவில் உபெக்ஸ் என்ற ஹாக்ஸ் மரபணு எந்தக் கண்டத்திலிருந்து தொடங்குகிறது என்று பார்த்தார்கள். அந்த எல்லை ஒரு கண்டம் பின்வாங்கிய இடத்தில் ஒரு ஜோடிக் கால் தாடைக்கால் ஆகியிருந்தது. கம்பளிப்பூச்சி வயிற்றின் குட்டைக்கால்களும் இப்படித்தான். அந்தக் கண்டங்களில் கால் வராமல் அடக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் சின்னச் சின்னத் திட்டுகளில் மட்டும் அணைகின்றன. அணைந்த இடத்தில் கால் எழும்புகிறது.

ஆகவே விலாசம் எழுதும் முறை நமக்கும் ஈக்கும் பொது. அது பொதுப் பாட்டனின் சொத்து. ஜோஃப்ருவாவின் மல்லாந்த இறாலுக்கும் தொண்ணூறுகளில் நீதி கிடைத்தது. ஈயில் வயிற்றுப்பக்கத்தை வரையறுக்கும் ஒரு மரபணுவின் நேர் உறவே தவளையில் முதுகுப்பக்கத்தை வரையறுக்கிறது. யாரோ எப்போதோ நிஜமாகவே புரண்டு படுத்திருக்கிறார்கள்.

அப்போ கேள்வி முடிந்துவிட்டதா? இல்லை. விலாசம் எழுத வீடு கண்டமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நத்தைக்கும் கண்டமே இல்லாத உருளைப்புழுவுக்கும்கூட ஹாக்ஸ் உண்டு. அது சொல்வது தலைப்பக்கம் எது, வால்பக்கம் எது என்பதைத்தான். கண்டத்தை வெட்டுவது யார்?

மைசூர்பாகும் முறுக்கு நாழியும்

வெட்டுபவர்களைத் தேடிப் போனவர்கள் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும். ஹைடல்பெர்க்கில், இருவர் ஒரே சமயத்தில் பார்க்கக்கூடிய நுண்ணோக்கியின் முன் எதிரெதிரே உட்கார்ந்து, மரபணு பழுதான ஆயிரக்கணக்கான ஈக்குடும்பங்களின் செத்த கருக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எந்தக் கருவில் எந்தக் கண்டம் காணவில்லை? 1980இல் வந்த கட்டுரையில் 15 மரபணுக்கள் மூன்று அடுக்காக வகைப்பட்டன. முதல் அடுக்கு உடலைப் பெரிய பகுதிகளாகப் பிரிக்கிறது. இரண்டாவது, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோடு போடுகிறது. மூன்றாவது, ஒவ்வொரு கண்டத்துக்கும் முன்னும் பின்னும் எது என்று சொல்கிறது. லூயிஸோடு இவர்களுக்கும் சேர்த்து 1995இல் நோபல் கிடைத்தது.

இரண்டாம் அடுக்கு மரபணு ஒன்றின் பெயர் ஃபுஷி தராஸு. ஜப்பானிய மொழியில் 'கணு போதவில்லை'. ஃபுஷி என்றால் மூங்கிலின் கணு. கணுக்காலி என்று நாம் சொல்வதோடு எவ்வளவு பொருந்திப்போகிறது!

ஆனால் ஈ கோடு போடும் முறையைக் கூர்ந்து பார்த்தபோது பேட்சனின் தாளம் அங்கே கேட்கவில்லை. ஈயின் ஒரு மரபணு ஏழு கோடுகளாக எரிகிறது. அழகான சமதூர அலை. இதற்குப் பின்னால் ஒரு அழகான கணிதம் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். பார்த்தால் ஏழு கோட்டுக்கு ஐந்து தனித்தனி சுவிட்சுகள். இரண்டாம் கோட்டுக்கு ஒரு விதி, ஐந்தாம் கோட்டுக்கு வேறு விதி. கேம்பிரிட்ஜின் மைக்கேல் ஏகம் 1989இல் எழுதிய குறிப்பின் தலைப்பே இந்த நயமின்மையைக் குத்திக்காட்டியது. ஈ செய்வது தட்டில் கொட்டிய மைசூர்பாகுக்கு வில்லை போடுவது போன்றது. உடல் முழுக்க முதலிலேயே பரந்து கிடக்கிறது. ஏறக்குறைய ஒரே சமயத்தில் கோடு இழுத்துப் பிரித்துவிடுகிறது.

முதுகெலும்பியின் கரு அப்படியில்லை. தலைப்பக்கம் முதலில் முடிந்து, வால்பக்கம் நீண்டுகொண்டே போக, தண்டின் இருபுறமும் சோமைட் என்ற சதைக்கட்டிகள் ஜோடி ஜோடியாகக் கழன்று வருகின்றன. முள்ளெலும்பு, விலா, முதுகுத் தசை எல்லாம் அவற்றிலிருந்துதான். 1976இல் உயிரியலாளர் ஜோனதன் குக்கும் கணிதவியலாளர் கிறிஸ்டோபர் ஜீமனும் காகிதத்தில் ஒரு விளக்கம் வைத்தார்கள். செல்களுக்குள் ஒரு கடிகாரம் அடிக்கிறது. முதிர்ச்சியின் எல்லை ஒன்று தலையிலிருந்து வாலை நோக்கி நகர்கிறது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சோமைட். முறுக்கு நாழியிலிருந்து மாவு இறங்கிக்கொண்டே இருக்க, இன்னொருவர் கத்தியால் ஒரே தாளத்தில் நறுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நறுக்கும் கையை யாரும் பார்க்கவில்லை. இருபது வருஷம் அது வெறும் யோசனையாகவே கிடந்தது.

மறுபடியும் 1997. மார்செய்யில் ஒலிவியே பூர்கியேயின் ஆய்வகத்தில் இசபெல் பல்மெய்ரிம் கோழிக்கருவில் ஈயின் கோடுபோடும் மரபணு ஒன்றின் உறவைத் தேடிக்கொண்டிருந்தார். கோடு கிடைக்கவில்லை. கருவுக்குக் கரு அந்த மரபணு எரியும் இடம் வேறு வேறாக இருந்தது. சோதனை சொதப்புகிறது என்று நினைக்கத்தான் தோன்றும். அவர்கள் ஒரு கருவை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை உடனே உறையவைத்து, மறுபாதியைக் கொஞ்ச நேரம் வளரவிட்டு, பிறகு ஒப்பிட்டார்கள். ஒரே கருவின் இரு பாதியிலும் இடம் வேறு! 90 நிமிஷம் வளரவிட்டால் மட்டும் மறுபடி அதே கோலம், ஒரு சோமைட் கூடுதலாக. அந்த மரபணு எரிந்து அணைந்து எரிகிறது. கோழிக்கு 90 நிமிஷத்துக்கு ஒரு அடி. வரிமீனுக்கு சுமார் 30 நிமிஷம், எலிக்கு 2 மணி நேரம். நூறு வருஷத்துக்கு முன் ஒருவர் தங்கைக்கு எழுதிய தாளம் இதோ கேட்கிறது.

இது பரிணாமத்துக்கு என்ன சொல்கிறது? பாம்பைப் பாருங்கள். அமெரிக்கச் சோளப்பாம்புக்கு 300க்கு மேல் முள்ளெலும்பு. அதற்கெனப் புதுக் கருவி எதையும் உருவாக்க வேண்டியிருக்கவில்லை. உடல் வளரும் வேகத்தோடு ஒப்பிட்டால் பாம்பின் கடிகாரம் மற்றவற்றைவிட வேகமாக அடிக்கிறது என்று 2008இல் பூர்கியேயின் குழு காட்டியது. மாவு இறங்கும் வேகம் அதே. நறுக்கும் கை வேகம். துண்டு சின்னது, எண்ணிக்கை அதிகம்.

உளி ஒன்று, வேலை வேறு

அப்படியானால் கணுக்காலிகளிடம் தாளமே இல்லையா? ஈயை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பூச்சிகளுக்குள் ஈ ஒரு அவசரக்காரன். சிலந்தியும் பூரானும் பல வண்டுகளும் நம்மைப் போலவே வால்பக்கம் வளர்ந்து வளர்ந்து கண்டம் சேர்ப்பவை. 2003இல் சிலந்திக்கருவில் நாட்ச் என்ற சமிக்ஞையைக் குறைத்தபோது கண்டங்கள் குழம்பின. முதுகெலும்பியின் கடிகாரத்தில் முக்கியமான அதே நாட்ச். ஈ கண்டம் வெட்ட அதைப் பயன்படுத்துவதில்லை. 2012இல் மாவு வண்டின் கருவில் எரிந்து அணையும் மரபணு அலையே பிடிபட்டது. அங்கே ஒரு அடிக்கு இரண்டு கண்டம். ஒரு நீளப் பூரான் வகையிலும் கண்டங்கள் இரண்டிரண்டாகச் சேருகின்றன. பூரான்களின் கால்ஜோடி எண்ணிக்கை ஏறக்குறைய எப்போதும் ஒற்றைப்படையாகவே இருப்பதற்கு இது ஒரு விளக்கம் ஆகலாம். ஆங்கிலத்தில் நூறுகாலி என்று பெயர். ஆனால் சரியாக நூறு கால் வேண்டுமானால் ஐம்பது ஜோடி வேண்டும், அது இரட்டைப்படை!

ஆக, அரை நூற்றாண்டு ஆய்வின் நாயகனான ஈ, இந்த விஷயத்தில் விதிவிலக்கு. பழைய தாளமுறையைக் கைவிட்டு வில்லை போடக் கற்றுக்கொண்டது அது.

உடனே, 'பார்த்தாயா, வண்டும் கோழியும் ஒரே கடிகாரம், பாட்டனுக்கும் கண்டம் இருந்தது' என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க. வண்டில் அலையடிக்கும் மரபணுக்களும் கோழியில் அலையடிப்பவையும் பெரும்பாலும் வேறு வேறு. பொதுவாக இருக்கும் நாட்ச், நரம்பு உருவாக்கம் முதல் உடலில் எத்தனையோ வேலை பார்ப்பது. தச்சரும் சிற்பியும் உளி பிடிக்கிறார்கள் என்பதற்காகக் கட்டிலும் சிலையும் ஒன்றாகிவிடாது. அட்டையோ மூன்றாவது வழி. அதன் கருவில் ஐந்து ஜோடி மூலச்செல்கள் ஒவ்வொன்றும் பிரிந்து பிரிந்து செல்களைச் சரமாகக் கோக்கின்றன. ஐந்து பேர் தொடுத்த சரத்தைச் சேர்த்துக் கட்டிய கதம்பம் மாதிரி. எண்ணிக்கையும் கறார், எந்த அட்டைக்கும் 32 கண்டம்.

குடும்ப மரமும் இடம் மாறியது. கண்டம் இருப்பதால் மண்புழுவையும் பூச்சியையும் ஒரே பிரிவில் வைத்தவர் குவியே. 1997இல்தான், மரபணு ஒப்பீட்டின்படி, கணுக்காலிகள் தோலுரிக்கும் உருளைப்புழுக்களின் உறவினர் என்றும், மண்புழுவின் உறவினர்கள் நத்தையும் சிப்பியும் என்றும் தெரிந்தது. கண்டமுள்ள மூன்று கூட்டத்துக்கும் நடுவில் கண்டமில்லாத உறவினர்கள் நிறையப் பேர். பாட்டனுக்குக் கண்டம் இருந்திருந்தால் பல கிளைகள் அதைத் தொலைத்திருக்க வேண்டும். இல்லாதிருந்தால் மூன்று முறை புதிதாகத் தோன்றியிருக்க வேண்டும்.

இன்று பலர் சாய்வது நடுவழிக்கு. பாட்டனிடம் முழுக் கண்டம் இருந்திருக்க வேண்டியதில்லை. தலை-வால் விலாசம் இருந்தது. வால்பக்கம் வளரும் பழக்கம் இருந்திருக்கலாம். எரிந்து அணையக்கூடிய மரபணுச் சுற்றுகள் இருந்தன. மூன்று பேரன்களும் அந்தப் பழைய சாமான்களை வைத்துத் தனித்தனியே கண்டம் கட்டிக்கொண்டார்கள். அப்போது 'இந்த இரண்டும் ஒன்றா?' என்பதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. எந்த மட்டத்தில் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. மரபணுவில் ஒன்று, கட்டும் முறையில் பாதி ஒன்று, கண்டமாகப் பார்த்தால் ஒருவேளை மூன்று. ஜோஃப்ருவாவும் குவியேயும் ஒரே சொல்லால் வேறு வேறு மட்டத்தைக் குறித்தே அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் வெறும் வம்சாவளிப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. சில குழந்தைகள் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியும், விலாக்கள் கோணியும், குறுகிய நெஞ்சோடும் பிறக்கிறார்கள். மூச்சுவிடவே சிரமப்படுகிறார்கள். இதற்கான மரபணுக் காரணங்களில் ஒன்று 2000இல் தெரியவந்தது: டிஎல்எல்-3. நாட்ச் சமிக்ஞைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பிறகு கண்டறியப்பட்ட சிலவும் அதே கடிகாரத்தின் பாகங்கள்தான். நாட்ச் என்ற பெயர், மோர்கன் காலத்தில் இறக்கை ஓரம் வெட்டுப்பட்டிருந்த ஒரு ஈயால் வந்தது. 2020இல் மனித மூலச்செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, நம் கடிகாரத்தையும் கேட்டுவிட்டார்கள்: சுமார் 5 மணி நேரத்துக்கு ஒரு அடி. அம்மாவுக்குக் கர்ப்பம் உறுதியாகும் முன்பே பல சமயம் அது தொடங்கிவிடுகிறது. ஜோடி ஜோடியாக நாற்பது சொச்சம் சோமைட்டுகளை நறுக்கி முடித்துவிட்டு நிற்கிறது. பிறகு ஒருபோதும் அடிப்பதில்லை.